ஒரு ஷெர்மன் டாங்கியும் ‘ப’ என்ற எழுத்தும்

1

போன வாரம் மகள் நிவியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. என் கையெல்லாம் சப்பாத்தி மாவு என்பதால் அவர் எடுத்தார். அவர் என்றால் என் கணவர், பழனிசாமி. அவருக்குத் திக்குவாய். வீட்டில் தமிழ் பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. இங்கிலீஷில் கூடும். ஃபோன் என்றால் சொல்லவே வேண்டாம்.

விஷயம் இதுதான். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமாம். நிவி எழுந்து, எங்கள் வீட்டில் நிறைய டாங்க் இருக்கிறது என்றிருக்கிறாள். மீன் வளர்க்கிற தொட்டியா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இல்லை, பீரங்கி வைத்த டாங்க், அப்பா செய்வார், அம்மா உள்ளே இருக்கிற ஆட்களுக்குப் பெயிண்ட் அடிப்பார் என்று இவள் விளக்கம் கொடுத்திருக்கிறாள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டீச்சருக்குத் தோன்றியதில் தப்பில்லை.

பிளாஸ்டிக் பொம்மை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் பிளாஸ்டிக் ‘ப’வில் அல்லவா தொடங்குகிறது? அவருக்கு அந்த எழுத்துதான் வராது. “ப… ப…” என்று நின்றுவிட்டார். ஃபோனை வாங்கிப் பேசிவிடலாம் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நிவி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“அம்மா, லெட் ஹிம் ஃபினிஷ்.”

அப்பா முடிக்கட்டும் என்கிறாள், ஐந்தரை வயசுப் பெண். தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில். சோறு என்றால் ரைஸ், தண்ணி என்றால் வாட்டர். அவள் நம்மிடமிருந்து எவ்வளவு தூரம் போகப்போகிறாளோ என்று ராத்திரி படுக்கையில் கவலைப்படுகிறவள்தான் நானும். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது எந்த பாஷையாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார். டீச்சர் சிரித்தது இங்கே வரை கேட்டது. ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாராம்.

அவளுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. எனக்கு இது பிடிபடவே கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2

சொந்த ஊர் கரூரிலிருந்து எழுதுகிறவர்களும் ஃபோன் செய்கிறவர்களும் எங்களிடம் கேட்பது இரண்டு கேள்விதான். என்ன கார்? சொந்த வீடா? மாப்பிள்ளை ஓய்வு நேரத்தில் என்ன செய்வார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லக் கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பேன்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் நியூஜெர்சியில் வந்து இறங்கினேன். இப்போது டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம், வெயிலுக்குக் குறைவில்லை. அன்றைக்கு பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் வரை பனி. உள்ளே நுழைந்ததும் கோட்டை மாட்ட வாசல் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். அதில் கோட்டு மாட்ட இடமில்லை. மேலிருந்து கீழ்வரை தட்டு அடித்து, தட்டு நிறைய டாங்கிகள். உள்ளங்கையில் வைக்கிற அளவு. சில பச்சை, சில மண் நிறம், ஒன்று வெள்ளை. சக்கரத்தில் சேறு அப்பியிருந்தது. நிஜச் சேறு என்றே நினைத்தேன்.

இந்த மனுஷனுக்கு இங்கே ஒரு பிள்ளை இருக்கிறதோ?

“ஏனுங்க, இதெல்லாம் யாருக்குங்க?”

“எனக்குத்தான்.”

“வெளையாடறதுக்குங்களா?”

“இல்ல சாந்தா. செய்யறதுக்கு.”

நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒன்று முடிக்க அவருக்கு இரண்டு மாதமாகும். முடித்ததும் அலமாரியில் வைத்து, அடுத்த பெட்டியைத் திறப்பார். விமானம், கப்பல், கார் எல்லாம் கிடைக்கும்போது ஏன் டாங்கி என்று ஒருநாள் கேட்டேன்.

“காரு, ஏரோப்ளேன் எல்லாம் பளபளன்னு இருக்கோணும். டாங்கி அழுக்காவே இருக்கலாம். எங்கயாச்சும் தப்பு விட்டா மேல சேத்த பூசிரலாம்.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

‘ப’வைப் பற்றிச் சொன்னேன். பெயர் பழனிசாமி. குடியிருப்பது பிளெய்ன்ஸ்பரோ. வேலை பிஸ்கட்டவேயில், மருந்துக் கம்பெனியில் புரோகிராமர். பாஸ்போர்ட், பில், பேங்க், பீட்சா என்று இந்த தேசத்தில் எதைத் தொட்டாலும் அந்த எழுத்துதான். ஆள் கெட்டிக்காரர், இங்கிலீஷ் இலக்கணம் பிசகாது. ஆனால் சொல் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும்.

எனக்கு நேர்மாறு. தமிழ் மீடியத்தில் படித்த பி.காம். இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருக்கும், ஆனால் நிற்காமல் வரும். அதனால் வந்த ஒரே மாதத்தில் வீட்டு ஃபோன் முழுக்க என் பொறுப்பாயிற்று. மின்சாரம் போன அன்று கம்பெனிக்கு ஃபோன் செய்து “கரண்ட் ஹேஸ் கான்” என்றேன். “கரண்ட் வாட், மேம்?” என்றாள் அந்தப் பெண். பேசி முடித்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் “ஓகே, ஐயாம் கீப்பிங் த ஃபோன்” என்றேன். ஃபோனை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம் என்று சிரித்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் திக்கல் இல்லை.

ஃபோன் மட்டுமல்ல, கடையில், டாக்டரிடம், நண்பர்கள் வீட்டில், அவர் ஒரு சொல்லில் நின்றால் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் தலையாட்டுவார். இது ஒரு உதவி என்றுதான் இருந்தேன்.

3

என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. காலையில் அவர் போனால் சாயங்காலம் வரை நானும் ஹீட்டர் சத்தமும்தான். கரூரில் அண்ணனுடைய ஏற்றுமதி ஆபீசில் மூன்று வருஷம் இருந்தவள் நான். கணக்கு எழுதத்தான் சேர்த்தார்கள். போகப்போக நிறம் பார்க்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி அதோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னலோரம் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் கண்ணுக்குத் தப்பாது என்று அண்ணன் பெருமையாகச் சொல்லும்.

அப்படிப்பட்டவளுக்கு பிளெய்ன்ஸ்பரோவில் ஜன்னலோரம் நிற்க நேரம் இருந்தது, பார்க்க நிறம் இல்லை. பனி, மொட்டை மரம், சாம்பல் வானம்.

மூன்றாவது குளிர்காலத்தில், அவர் ஒரு ஷெர்மன் டாங்கி செய்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய டாங்கி அது. பெட்டியில் கூடவே ஆட்களும் வருவார்கள், கட்டைவிரல் நீளத்தில். அவர் ஆட்களை எப்போதும் செய்ய மாட்டார். அவருடைய டாங்கி எல்லாம் மூடி சாத்திய டாங்கிதான். இந்த ஆட்கள் ஒரு டப்பாவில் கிடப்பார்கள்.

“இவீங்கள நான் செய்யட்டுங்களா?” என்றேன்.

அவர் மெல்லிய பிரஷ் ஒன்றையும் பெயிண்ட் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முகத்துக்கு என்று ஒரு சின்ன புட்டி, மேலே ‘சதை நிறம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. திறந்தால் வெளிறிய ரோஸ். யாருடைய சதை இது? ஏதோ பழசாகி நிறம் மங்கிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. சத்தியமாக வேறு நினைப்பே இல்லை. சொட்டுச் சொட்டாகப் பழுப்பு விட்டுக் கலந்தேன். கொஞ்சம் மஞ்சள், ஒரு நூல் சிவப்பு. மனுஷ முகம் மாதிரி ஆனதும் நிறுத்தினேன். இரண்டு பேருக்கு அடித்தேன். மேலே மூடியைத் திறந்து நிற்கிறவருக்கு மீசையும் வைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னுங்க, செரியில்லீங்களா?”

“கண்ணு கூட வெச்சிருக்கற” என்றார். “நல்லா இருக்குது.”

மறுநாள் வேறு பெட்டியின் அட்டைப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்க டாங்கியில் இருக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் புட்டியில் இருந்த நிறம்தான். நான் நம்மூர் பஸ் டிரைவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவர் லைப்ரரிக்குப் போகத் தொடங்கினார். ஆபீஸ் படிப்பு என்று நினைத்துக்கொண்டேன். டாங்கியிலும் சில மாற்றங்கள் செய்தார். மீசைக்காரர் தலையில் இருந்த ஹெல்மெட்டை உரசி எடுத்துவிட்டு, களிமண் மாதிரி ஒன்றைப் பிசைந்து சாய்வான துணித் தொப்பி வைத்தார். சக்கரத்துக்கு வழக்கமாகப் பூசுகிற கறுப்புச் சேறு பூசவில்லை. சாக்பீஸைப் பொடித்து, லேசான செம்மண் நிறத்தில் புழுதி தூவினார்.

“சேறு பூசலீங்களா?”

“இது புழுதி ஊரு” என்றார். மேற்கொண்டு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஆரம்பிப்பதற்குள் நானே ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

4

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடக்கே ஒரு சின்ன ஊரில் மாடல் செய்கிறவர்களுக்குப் போட்டி நடந்தது. அவர் எத்தனையோ வருஷமாகச் செய்கிறார், போட்டி பக்கம் போனதில்லை. அங்கே போனால் பேச வேண்டியிருக்குமே. அந்தத் தடவை மட்டும் அவராகவே, போயிட்டு வரலாமா என்றார். நிவி அப்போது வயிற்றில் ஐந்து மாதம். ஷெர்மனை ஒரு ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து என் மடியில் கொடுத்தார்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஹால் அது. வண்டிகள் நிற்கிற இடத்திலிருந்து டீசல் வாசனை. நீள நீளமாக மேஜை போட்டு, விமானம், கப்பல், டாங்கி என்று பிரித்து வைத்திருந்தார்கள். முழுக்க ஆம்பளைகள், முக்கால்வாசி வயசானவர்கள். காபி ஊற்றிக் கொடுத்த அம்மாவும் நானும்தான் பெண்கள். அந்த அம்மா எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, “முதல் தடவையா?” என்றார். குழந்தையைக் கேட்கிறாரா போட்டியைக் கேட்கிறாரா என்று தெரியாமல் “எஸ், எஸ்” என்றேன். இரண்டுக்கும் அதுதானே பதில்.

டாங்கி மேஜைக்கு ஒரு நடுவர் வந்தார். எழுபது வயசிருக்கும். பேனா அளவு டார்ச் ஒன்றை அடித்து, ஒவ்வொன்றையும் மேலே, கீழே, இடுக்கில் எல்லாம் குனிந்து பார்த்தார். எங்கள் ஷெர்மனிடம் வந்ததும் நின்றார். சத்தம் போடுகிற ஆள் இல்லை, நல்ல மனுஷன். அவர் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது, ஆட்களின் கண் கூடப் பிரமாதம், ஆனால் முகத்தில் நிழலுக்காக அடிக்கிற பெயிண்ட் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதோ? ரொம்பக் கறுப்பாக இருக்கிறார்களே?

என் முகம் சூடாகிவிட்டது. என் தப்பு. அவருடைய டாங்கியை நான்தான் கெடுத்தேன்.

என் கணவர் வாயைத் திறந்தார்.

“ப…”

நின்றுவிட்டது.

“ப… ப…”

எனக்குத் தெரிந்துவிட்டது. “பை மிஸ்டேக்” என்றுதான் சொல்ல வருகிறார். தெரியாமல் நடந்துவிட்டது, என் மனைவி புதுசு, அப்படி ஏதாவது. சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. “சாரி சார், பை மிஸ்டேக்” என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. நாற்காலியிலிருந்து எழுந்தும்விட்டேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்த பிடியில், இரு என்று இருந்தது.

நான் இருந்தேன். நடுவரும் இருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. என் கணவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். ஒரு சொல்லுக்காக அவ்வளவு நேரம் அவரை யாரும் முயற்சி செய்ய விட்டு நான் பார்த்ததில்லை. நானும் விட்டதில்லை.

“பர்மா” என்றார்.

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. திக்கித் திக்கித்தான், ஆனால் வந்தது. பர்மாவில் ஷெர்மன் டாங்கியை ஓட்டியவர்களில் இந்தியர்கள் இருந்தார்கள். குதிரைப் படையாக இருந்து டாங்கிக்கு மாறியவர்கள். அங்கே மழையில்லாத பக்கத்தில் ஒரே புழுதி. ஹெல்மெட் போடாமல் துணித் தொப்பி போட்டவர்கள் உண்டு. தலைப்பாகைக்காரர்களும் உண்டு. லைப்ரரியில் படத்தோடு புத்தகம் இருக்கிறது. இந்த நிறம் தப்பில்லை. என் மனைவி கலந்த நிறம். இதுதான் சரி.

கடைசி இரண்டு வாக்கியத்தையும் என்னைக் காட்டிச் சொன்னார்.

நடுவர் மறுபடி குனிந்து டார்ச் அடித்தார். மீசைக்காரரைப் பார்த்தார். அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, “அப்படியென்றால் புழுதியும் சரி” என்றார். “அது ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.” என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் மாதிரி வைத்தார்.

பரிசு கிடைக்கவில்லை. பீரங்கிக் குழாயின் இரண்டு பாதியையும் ஒட்டிய இடத்துத் தழும்பு சரியாக உரசப்படவில்லையாம். அது அவருடைய வேலை, என்னுடையது இல்லை.

5

குடியேற்ற அலுவலகத்து நேர்காணலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து பச்சை அட்டைக்காக எங்களைக் கூப்பிட்டார்கள். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். அதனால் மாமனார் பெயரை அவர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். “மிஸஸ் கருப்பண்ணன்” என்று கூப்பிட்டார்கள். மாமியார் எங்கே வந்தார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

உள்ளே அதிகாரி அவரிடம் முழுப் பெயரைச் சொல்லச் சொன்னார். “ப…” என்று நின்றது. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கொடியைப் பார்த்தேன். மடியில் நிவி என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெயர் வந்து சேர்ந்தது. அட்டையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

6

ஆனால் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது நேர்காணலுக்காக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த வழியைச் சொல்லத்தான்.

டர்ன்பைக் என்கிற நெடுஞ்சாலையில் தெற்கே வந்துகொண்டிருந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் எத்தனை இடத்தில் அவருக்கு நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதில் எத்தனை சொல் அவருடையது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கேட்க வாய் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

“அத எப்பங்க தேடுனீங்க?”

“நீ அந்த மூஞ்சிக்குப் பெயிண்ட் அடிச்ச வாரமே. மூணு நாலு சனிக்கெழம ஆச்சு. புஸ்தகம் வேற ஊரு லைப்ரரில இருந்து வரவழைச்சாங்க.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“அழிக்கறேன் அழிக்கறேன்னு நின்னயே. மொதல்ல ருஜுவாத் தெரியட்டும்னு இருந்தேன்.”

“செரி, தேடியும் அதுல நம்மாளுக ஒருத்தரும் இல்லாமப் போயிருந்தா?”

அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். திக்கலா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை பேசாமல் இருந்தேன்.

“இல்லாமப் போயிருந்தா வேற டாங்கி செஞ்சிருப்பேன். அவீங்க எதுல இருந்தாங்களோ அத.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்காமல் பேச ஆரம்பித்தார். டாங்கிகள் பெரிய ஆற்றைத் தெப்பத்தில் கடந்தது, உள்ளே அந்தச் சூட்டில் அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தது. அப்புறம் எங்கெங்கோ போனார். படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் நடந்தபோது ஒரு பொம்மைக் கடையில் நுழைந்தது. பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வார்த்தை கூட இல்லை, படமும் நம்பரும்தான் என்று பார்த்ததும் வாங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘பிரசென்ட்’ சொல்ல முடியாமல் கையை மட்டும் தூக்கியது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் மனதுக்குள் வைத்திருந்த பெயர்கள். அவ்வளவும் இரண்டு வருஷமாக அந்த மனுஷனுக்குள் இருந்திருக்கிறது.

எட்டு-ஏ பலகை வந்தது. எங்கள் எக்ஸிட், வலது பக்கம் ஒதுங்கி ஊருக்கு இறங்க வேண்டிய இடம். அவர் பேச்சு மும்முரத்தில் இடது பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தார். ஒரு சொல்லில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினார். பலகை எங்கள் தலைக்கு மேல் வந்து, பின்னால் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த எக்ஸிட் எத்தனை தூரத்தில் இருந்தாலும் சரி என்று ஷூ பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.